அக்கா புதைத்த பெட்டி

வைகாசி 4, திங்கள்.
காற்று. சோற்றில் மண், புத்தகத்தில் மண். லீவுக்கு மாரிகுப்பம் தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைனில் அக்கா வீட்டுக்கு வந்து நாலாம் நாள். பட்டணத்து வைத்தியப் பள்ளியில் பரீட்சைக்கு இன்னும் பதினெட்டு நாள். படித்தது: தொடை எலும்பு. படிக்காதது: மற்றதெல்லாம்.

காலையில் நாலு குடம் தண்ணீர். அப்புறம் அக்கா மகளைத் தூங்கவைத்தல். அப்புறம் எதிர்வீட்டுக் கிழவரின் சிரங்கு. "டாக்டர் தம்பி, இத்த கொஞ்சம் பாரு." இன்னும் டாக்டர் ஆகவில்லை என்றால் யார் கேட்கிறார்கள்!

பள்ளியில் இரவல் வாங்கிய எலும்புப் பெட்டி கட்டிலடியில். திருப்பிக் கொடுத்தால்தான் பரீட்சைக்கு உட்காரவிடுவார்கள். உள்ளே மனித எலும்பு என்று அக்காவுக்கு மட்டும் தெரியும். மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறாள், மாமாவிடம்கூடச் சொல்வதில்லை என்று.

வைகாசி 6, புதன்.
வெயில். மணிக்கட்டு எலும்பு எட்டும் மனப்பாடம். பாப்பா தூங்கியதால்.

மத்தியானம் மாமா வேலை செய்யும் சுரங்க ஷாஃப்டில் கல் சரிந்தது. மாமாவுக்கு ஒன்றுமில்லை. கூட இருந்தவருக்குத் தொடை எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் துரை கட்டுப்போட, காலைப் பிடித்துக்கொண்டது நான். அந்த மனிதர் கத்துகிறார், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், படித்த எலும்பாயிற்றே என்று. சீ.

வைகாசி 7, வியாழன்.
நான் போனதும் குழாயடியில் பேச்சு நின்றது. திரும்பி வரும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: "ஊட்ல பொணத்த வெச்சிகினு பூமிக்குள்ள எறங்கலாமா? கல்லு சரியாம இன்னா பண்ணும்?"

அக்காவைக் கேட்டேன். "நான் இன்னாத்துக்குடா சொல்லப்போறேன்?" என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே.
நம்பினேன்.

வைகாசி 8, வெள்ளி.
மேகமூட்டம். கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வழியில் படிக்கப் பெட்டியிலிருந்து கழுத்தடிக் காறையெலும்பை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

திரும்பினால் கட்டிலடியில் பெட்டி இல்லை. அக்கா தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு வாசற்படியில்.

"எங்கே?"
"பொதச்சிட்டோம். நானும் மேஸ்திரி சம்சாரமும். மஞ்சத்துணி சுத்தி, பால் ஊத்தித்தான் பொதச்சோம். அதுவும் ஒருத்தி பெத்த புள்ளதானேடா."
"சத்தியம் பண்ணியே?"
"பண்ணேன். கல்லு சரிஞ்சதும் பயத்துல மேஸ்திரி சம்சாரத்துகிட்ட வாய விட்டுட்டேன். அது ஊட்ல கீறவரைக்கும் உங்க மாமாவோட சொரங்கத்துல எறங்கற கேஜுல ஏற மாட்டோம்னுட்டாங்க எல்லாரும். நான் இன்னா பண்ணட்டும்?"

இடத்தைக் கேட்டேன். சொல்லவில்லை. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே பங்காருபேட்டை போய்ப் பட்டணம் ரயிலேறியிருப்பேன், பெட்டியோடு! நேற்று முகத்துக்கு நேரே பொய். கூடப்பிறந்தவளே கழுத்தறுத்தாள். இரண்டு வருஷப் படிப்பு மண்ணுக்குள். சோறு வைத்தாள். தொடவில்லை.

வைகாசி 9, சனி.
தூறல். மாமாவுக்குக் காலை ஷிஃப்டு. வாசலில் மேஸ்திரியும் நாலு ஆட்களும்.

"ஊட்ல ஒண்ணுகூட மிச்சம் இல்லியே?" என்றார் மேஸ்திரி.

மாமா என்னைப் பார்த்தார். "தம்பி சொல்லட்டும். அப்பறம் எறங்கறேன்."

சட்டைப்பையில் காறையெலும்பு. பள்ளியில் கொண்டுபோய்க் காட்ட அது ஒன்றுதான் என்னிடம்.

அக்கா பாப்பாவைத் தூக்கி வந்து என் முன்னால் நிறுத்தினாள். "என் புள்ள தலமேல கைய வெச்சிச் சொல்லுடா."

வைத்தேன். எண்ணெய்த் தலை. "ஒன்றும் இல்லை" என்றேன்.

மாமா தொப்பியில் களிமண்ணை அப்பி மெழுகுவர்த்தியை ஒட்டிக்கொண்டு கிளம்பினார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஷிஃப்டு முடிய இன்னும் ஆறு மணி நேரம். எலும்பு பையில்தான் இருக்கிறது. பாப்பா என் மடியில்.