ஜீரோ காட்டிய பெட்டி

பிப்ரவரி 6

நம்பரைத் திரையில் காட்டுகிற வேலைதான், வேறென்ன. அக்கா கேட்டதற்கு அப்படித்தான் சொன்னேன். "அதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்றாள். மாமாவுக்கு ஒரே சிரிப்பு. காலேஜைப் பாதியில் விட்டதிலிருந்து அக்கா வீட்டுக்காரருக்கு நான் 'அரைப்படிப்பு'. "ஏய் அரைப்படிப்பு, உங்க கம்பெனி பெட்டியை எங்க உலைக்கூடத்துல மாட்டிட்டாங்கடா. நம்ம மாப்ள காட்டுற நம்பர்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். விஷவாயு எப்பப் பாரு ஜீரோதான். நிம்மதியா இருக்கு."

எப்பப் பாரு ஜீரோவா? உலை எரிகிற இடத்தில்? சாப்பிட்ட கையோடு லேப்டாப்பைத் திறந்தேன்.

பிப்ரவரி 7

கண்டுபிடித்துவிட்டேன். ஆபீஸ் சீனியர் எழுதிய ப்ரோகிராமில் ஒரே ஒரு வரி. முதலில் நேரத்தைக் காட்டும், அடுத்து வாயு அளவை. நேரம் என்கிற எண் குண்டாகிக்கொண்டே போகிற ஆசாமி, மெமரியில் இரண்டு சீட் ஒதுக்கியிருக்கிறது. அதைக் காட்டச் சொல்லும் குறியை %ld என்று எழுதினால் என் லேப்டாப் இரண்டு சீட் என்று புரிந்துகொள்கிறது. பெட்டிக்குள் இருக்கும் மலிவு போர்டு ஒரே சீட் என்று நினைக்கிறது. மிச்சம் கிடக்கிற இரண்டாவது சீட்டைப் பார்த்து, அதுதான் வாயு என்று காட்டுகிறது. ஆசாமி இன்றைக்கு ஒரே சீட்டில் அடங்கிவிடுவதால் அந்த சீட்டில் ஒன்றுமே இல்லை. ஜீரோ. உண்மையான வாயு அளவு பின்னால் நின்றுகொண்டே இருக்கிறது, யாரும் கூப்பிடுவதில்லை.

%ld-ஐ எடுத்துவிட்டு 'எப்போதும் இரண்டு சீட்' என்று சொல்கிற PRId64 போட்டால் எந்த போர்டிலும் சரியாக வரும். போட்டேன். வந்தது. இவ்வளவுதான்.

பிப்ரவரி 9

சீனியரிடம் காட்டினேன். ப்ரோகிராமைப் படித்துப் பார்க்கிற கம்பைலர் கத்தியிருக்குமே என்றேன். "வார்னிங்தானடா, எரர் இல்லையே. ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன்." முதலாளி அவனுக்கும் மேல். "பெட்டியில இருக்கிற சைரன் தனியாத்தான அடிக்குது? அது சரியா இருக்குல்ல? அப்புறம் என்ன? அடுத்த சர்வீசுக்குப் போகும்போது மாத்திக்கலாம். வெளியில வாயைத் திறந்தே, வேற வேலை பாத்துக்க."

சைரன் சரிதான். நானே சோதித்தேன், வாயு ஏறினால் காது கிழிகிறது. அப்படியென்றால் ஆபத்தில்லை — இல்லைதானே?

பிப்ரவரி 10

மாமாவிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 12

மாமா ஐசியூல. உலைக்கூடத்துல மயங்கி விழுந்து கெடந்திருக்காரு. சைரன் வயர் புடுங்கிக் கெடந்துச்சாம். எழுத முடியல.

பிப்ரவரி 14

ஆஸ்பத்திரி வராந்தாவில் முதலாளி. கையில் பழப்பை. தோளில் கை போட்டு என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். "உங்க மாமான்னு தெரியாது தம்பி. ஆனா வயரைப் புடுங்கினது அவரு. விசாரணையில அதைத்தான் சொல்லப்போறாங்க. நடுவுல நீ எதுக்கு?"

அவர் போனதும் அக்கா வந்தாள். "வயரை உங்க மாமாவாடா புடுங்கினாரு? எதுக்குடா புடுங்கப்போறாரு? பைத்தியமா அவருக்கு?"

தெரியலக்கான்னு சொன்னேன். த்தூ, நானெல்லாம்.

பிப்ரவரி 17

கண் விழித்துவிட்டார். பேச்சு குழறுகிறது. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. இனி இப்படியேகூட இருக்கலாம் என்கிறார் டாக்டர். அக்கா மருந்து வாங்கப் போன நேரத்தில் குனிந்து கேட்டேன், ஏன் மாமா வயரைப் பிடுங்கினீங்க என்று.

"அது... சும்மா கத்திக்கிட்டே இருந்துச்சு மாப்ள. திரையைப் பாத்தேன். ஜீரோ. சைரன் எவனோ செஞ்சது... நம்பர் நீ காட்டுறதாச்சே."

ஒரு போன். ஒரே ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? சைரன் இருக்கே, சைரன் இருக்கேன்னு இருந்துட்டேன். சைரனை விட்டுட்டு ஒரு மனுஷன் என்னை நம்புவாருன்னு எனக்குத் தோணவே இல்லையே.

பிப்ரவரி 19

நாளை விசாரணை. உலைக்கூடத்தில் கழற்றிய பெட்டி எங்கள் ஆபீஸ் மேசைமேல் கிடக்கிறது. அதிகாரிகள் முன்னால் அதை ஓட்டிக் காட்ட வேண்டுமாம். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உன் புது ப்ரோகிராமை அதுல ஏத்திடு தம்பி. அவங்க பாக்கும்போது நம்பர் சரியா வரணும்." யாரும் சீந்தாத என் வரிக்குத் திடீரென்று என்ன மரியாதை!

சரி சார் என்றேன்.

வீட்டில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டதையும். அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம். தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

பிப்ரவரி 20

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பெட்டி மடியில். முதலாளி வந்து குனிந்து, "ஏத்திட்டல்ல?" என்றார். தலையாட்டினேன்.

ஏற்றவில்லை. உள்ளே பழைய வரிதான். பிடுங்கின வயரை மட்டும் திரும்ப மாட்டியிருக்கிறேன். புகையைக் காட்டினால் சைரன் அலறும், திரை ஜீரோ என்று சொல்லும். மாமா பார்த்ததை அவர்களும் பார்க்கட்டும். அப்புறம் கேள்வி வரும். முதல் கேள்வி எனக்குத்தான் — எப்போ தெரியும் உனக்கு?

அக்கா எதிர்ப் பெஞ்சில் இருக்கிறாள். இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் வந்திருக்கிறாள்.

கூப்பிடுறாங்க. போகணும்.