நீ விட்டுப்போன கிளீனர்

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு வலது காலில் என் செருப்பும் இடது காலில் உன் செருப்புமாகப் போய்வந்தேன். மற்ற இரண்டையும் கிளீனர் தின்றுவிட்டான். மண்டப வாசலில் அந்த ஜோடியை மட்டும் யாரும் மாற்றிப் போட்டுக்கொண்டு போகவில்லை, அது ஒரு நிம்மதி.

உன் லாரியில், கிளீனர் உட்காரும் சீட்டில் துண்டைச் சுற்றி உட்கார வைத்து நீ கொண்டுவந்த நாய்க்குட்டிதானே, அதனால் அந்தப் பெயரையே வைத்தாய். அடுத்த மாதமே போய்விட்டாய். கைக்குள் அடங்கிய குட்டி இப்போது ஒரு வயது தாண்டிய இளவட்டம். தலையணையைக் கிழிக்கிறான். கொடியில் காயும் துணியை இழுத்துக்கொண்டு தெருவைச் சுற்றுகிறான். உன் தங்கை இளம்பிள்ளை ஊரில் எடுத்த பட்டுச்சேலையின் முந்தானையை அவன் குதறிய அன்று, "ஏனுங்க, ஊட்டுல ஒண்ணு நான் இருக்கோணும், இல்லாட்டி இது இருக்கோணும்" என்றாள் செல்வி.

உன் வருஷப் படையலுக்கு வரும் மேச்சேரிச் சின்னம்மாவோடு அவனை ஆட்டுப்பட்டிக் காவலுக்கு அனுப்புவதென்று முடிவு. நீ கொடுத்ததை அனுப்ப எனக்கு மனசு வருமா? படையல் அன்றைக்கு அவன் ஒழுங்காக இருந்தால் பார்க்கலாம் என்று செல்வியிடம் கெஞ்சித் தவணை வாங்கினேன்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் போனேன். "பதினாறு வயசுப் பையன் மாதிரிங்க இது. நீங்க கத்துனா வெளையாட்டுன்னு நெனச்சுக்கும். நல்லா ஓட உடுங்க, கடிக்க எதாச்சும் குடுங்க" என்றார். தார்ப்பாய்க் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். தினமும் விடியலில் ஏரிக்கரையில் ஓட்டம். நான் அவனை ஓட்டினேனா, அவன் என்னை இழுத்தானா, பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். ஓடி வந்தால் தூங்குவான். அந்த நேரமாவது வீடு பிழைத்தது.

படையல் அன்று இரண்டு நடை சேர்த்தே ஓட்டினேன். வந்தவன் எங்கேயோ படுத்துவிட்டான். உன் படத்துக்கு முன்னால் இலை போட்டு, கறிக்குழம்பு, முட்டை, வடை எல்லாம் வைத்து, சூடம் காட்டி, நீ வந்து சாப்பிடுவதற்காகக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். உள்ளே சத்தம் கேட்டது. "வந்துட்டான்" என்று சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திறந்தால் இலையில் ஒரு பருக்கை இல்லை. முறைக்காக வைத்த பாகற்காய்ப் பொரியல் மட்டும் வைத்தபடி இருந்தது. உயிரோடு இருந்தபோதும் நீ அதைத் தொட்டதில்லை.

"என்ற சாமி! பாவக்காயத் தொடாம உண்டுட்டுப் போயிருக்குதே!" என்று சின்னம்மா தரையில் விழுந்து கும்பிட்டார்.

கட்டிலுக்கு அடியில் கிளீனர் மீசையை நக்கிக்கொண்டிருந்ததை நானும் செல்வியும்தான் பார்த்தோம். செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "அழுவாத கண்ணு" என்று சின்னம்மா அவள் முதுகைத் தடவினார். நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் சின்னம்மா கயிறோடு கிளம்பியபோது செல்விதான் மறித்தாள். "அவன் இங்கயே இருக்கட்டுங்க சின்னம்மா. அண்ணனுக்குச் சோறு போட்டாப்பல இருக்குது."

உண்மையைச் சொல் மச்சான், பாகற்காயை ஒதுக்கியது அவன் புத்தியா, உன் வேலையா?

அடுத்த வருஷம் கதவைச் சாத்துமுன் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பேன், இது சத்தியம். இந்த வருஷம் நீ பட்டினி.

உன் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை