அண்ணி பொருள் கேட்கிறாள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள். உன் அண்ணன் கடலில் விழுந்த இடத்தைச் சுற்றித் தேடிக்கொண்டிருந்த அவனுடைய கப்பல் இன்று காலை தன் வழியே கிளம்பிவிட்டது. கம்பெனியில் மாலுமிகள் விவகாரம் பார்க்கும் அதிகாரி போனில் சொன்னார், மறுபடி கேட்டபோதும் அதையேதான் சொன்னார். மீன்பிடிப் படகு ஒன்று யாரையோ ஏற்றிக்கொண்டதாக அவன் கூட்டாளி உனக்கு அனுப்பிய செய்தியை விசாரித்துவிட்டேன், சொன்னவர் யாரும் பார்த்தவர் இல்லை, அதை விட்டுவிடு.

போனுக்குப் பின்னாலேயே மெயிலும் வந்தது. உன் அண்ணி கண்ணாடிக் கடையிலிருந்து பாதி வேலையில் ஓடிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தொடருக்கும் பொருள் கேட்டாள். போன வாரம் வந்த மெயிலில் தேடல் 'அண்டர் வே' என்றிருந்தது, நடந்துகொண்டிருக்கிறது என்று சொன்னேன், அன்று ராத்திரி அவள் சாப்பிட்டாள். இன்றைக்கு 'இன் வியூ ஆஃப்' வானிலை, தேடல் 'ஆன் ஹோல்ட்', மற்ற விவரங்கள் 'இன் டியூ கோர்ஸ்'. வானிலையைக் கருதி, நிறுத்திவைப்பு, உரிய காலத்தில் என்று அகராதியில் உள்ளபடியே சொல்லி வைத்தேன். நிறுத்தி வச்சிருக்காங்கன்னா மறுபடி ஆரம்பிப்பாங்கதானே மாமா, எங்க கடையில கூட போனை ஹோல்டுல போட்டா திரும்ப வந்து பேசுவோமே என்றாள். அடுப்பங்கரையிலிருந்து அம்மா, பேப்பர்ல எழுதியே தலை நரைச்ச மனுஷனுக்கு நாலு வரியைச் சட்டுனு சொல்ல வரலையா என்று சிடுசிடுத்தாள்.

உனக்கு மறைக்க மாட்டேன். பொருள் வேறு, புழக்கம் வேறு. இந்தத் தொடர்களைத் தமிழாக்கி அச்சுக்குக் கொடுத்ததுதான் என் பிழைப்பு. முடிவு எடுத்த பிறகு காரணம் தேடுகிறவர்கள்தான் இன் வியூ ஆஃப் என்று எழுதுவார்கள். தேதி சொல்ல மனமில்லாதவர்கள் எழுதுவது இன் டியூ கோர்ஸ். ஆன் ஹோல்டில் வைத்த தேடல் எதுவும் மறுபடி தொடங்கியதாக நான் செய்தி போட்டதில்லை. 'அவுட் ஆஃப் தி கொஸ்டியன்'னு யாரும் சொல்லலையேப்பா என்று நீ எழுதியிருந்தாய். வாய்ப்பே இல்லை என்ற அந்தத் தொடரை எந்தக் கம்பெனியும் ஒரு குடும்பத்துக்கு எழுதாது மகளே. எழுதாததைப் பிடித்துக்கொண்டு உட்காராதே. தண்ணீர் எவ்வளவு குளிர் என்று அந்த அதிகாரியிடம் கேட்டேன், சொன்னார். அதை உனக்கு எழுதப்போவதில்லை.

அண்ணி அவன் சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். அம்மா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல நடமாடுகிறாள். டிக்கெட் இப்போது எடுக்காதே, வந்து இறங்கினால் எதற்கு வந்தாய் என்று அண்ணி கேட்பாள், என்ன சொல்வாய்.

கடலோரக் காவல் படையின் அறிக்கை வியாழன் மதியம் வர வேண்டும். தேடல் முடிந்ததா இல்லையா என்பதைக் கம்பெனி அதற்குப் பிறகுதான் எழுத்தில் தரும். மாமா, நீங்களே தமிழ்ல படிச்சுச் சொல்லுங்க என்று அண்ணி என்னிடம் கேட்டுக்கொண்டு, அன்றைக்குக் கடையில் விடுப்பும் சொல்லிவிட்டாள்.

உனக்கு ஒரு குறையும் வராமல் நீடூழி வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். மறக்காதே, வியாழன் மதியம் போன் கையிலேயே இருக்கட்டும். முதலில் உன்னிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அவளிடம் போக வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா