சன்னலோரம் நிற்க வேண்டாம் என்றார் டீச்சர்

அன்புள்ள மாமாவுக்கு, செல்லக்கிளி வணங்கி எழுதுவது. பெருமாள் புண்ணியத்தில் நானும் ஆர்த்திகாவும் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா? போனில் பேசினால் பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறாள், அதனால் எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்புப் பரீட்சையில் அவள் சொல்லச் சொல்ல ஒரு டீச்சர் எழுத அனுமதி வந்துவிட்டது. பேனா பிடிக்கக் கைதான் வராதே தவிர, பாடமெல்லாம் மனதில் இருக்கிறது. திங்கட்கிழமை பழக்கிப் பார்த்தார்கள். வழக்கம்போல் நான் வகுப்புச் சன்னலோரம் நின்றேன். வைகையில் ஏன் எப்போதும் தண்ணீர் ஓடுவதில்லை என்ற கேள்விக்கு, "மழை" என்று மட்டும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீ சொன்னதத்தான் எழுதுவேன். மிச்சத்த யாரு சொல்லுவா?" என்றார் எழுத வந்த அஸ்வினி டீச்சர்.

"அம்மா சொல்லும்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

"அக்கா, நீங்க நின்னா இவ முழுசாச் சொல்ல மாட்டா. மார்க்கு போயிரும். சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார் டீச்சர்.

அதிலிருந்து பகலெல்லாம் தல்லாகுளம் பெருமாள் கோயிலில்தான் இருக்கிறேன். நேற்று வீட்டில் "அம்மா, குடிக்க" என்றாள். தண்ணீர் எடுத்தேன். "இரும்மா, நான் சொல்லி முடிச்சுக்கிறேன். குடிக்க மோரு வேணும்" என்றாள். சந்தோஷம்தான் மாமா. நெய்விளக்குப் போட்டேன்.

அனுமாருக்கு மாலை சாத்த நம் கொடிக்கால் வெற்றிலை வேண்டும். சோழவந்தான் பஸ்ஸில் கொடுத்துவிடாமல் நீங்களே கொண்டு வாருங்கள். செலவுக்குக் காய்கறிக் காசில் மிச்சம் பிடித்திருக்கிறேன்.

மதியத்துக்குக் கோயில் நடை சாத்துகிறார்கள், எழுந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட இன்னும் நேரமிருக்கிறது. வந்தால் பகலில் வாருங்கள்.

செல்லக்கிளி