அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது

ஏழாயிரம்பண்ணை,
14.2.2007

அன்புள்ள மகன் மாரிக்கண்ணனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் பாண்டிச்செல்வியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், பத்திரகாளியம்மன் புண்ணியத்தில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். டெல்லியில் குளிர் குறைந்ததா, இருமல் நின்றதா, அந்தக் கம்பளிச் சட்டையை ஒரு தடவையாவது துவைத்தாயா. விசாரிக்க வேண்டியதை விசாரித்துவிட்டேன், இனி உன்னைத் திட்டப் போகிறேன். போனில் திட்டினால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நீ படித்த காலேஜுக்கே தங்கச்சியும் அப்ளிகேஷன் போட வேண்டும், நூறு பேர் போட்டால் மூன்று பேரைத்தான் எடுப்பார்கள், மார்க் மட்டும் போதாது, தன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதச் சொல்வார்கள், அதில்தான் எல்லாம் இருக்கிறது என்று தீபாவளியிலிருந்து சொல்லி வருகிறாய். சரி. பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தில் அவளும் ஒரு வாரம் உட்கார்ந்து, டிக்‌ஷனரியைப் புரட்டிப் புரட்டி எழுதி உனக்கு அனுப்பினாள். நீ என்ன செய்தாய்? இது எதற்கும் ஆகாது என்று ஒதுக்கிவிட்டு நீயே புதிதாக ஒன்று எழுதி அனுப்பியிருக்கிறாய். சாத்தூர் பிரவுசிங் சென்டரில் போய் அதை எடுத்து வந்த நாளிலிருந்து அவள் முகமே சரியில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத்தாளில் அதைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். அண்ணன் என்ன எழுதியிருக்கிறான், தமிழில் சொல்லு என்றேன். நாலு வரி சொன்னாள், ஒரு இடம் வந்ததும், இதுல ஒண்ணுமில்லம்மா என்று தாண்டப் பார்த்தாள். நான் விடுவேனா. தாளைப் பிடுங்கிக்கொண்டு, அவளுக்கு இங்கிலீஷ் எடுக்கும் பஞ்சம்மாள் டீச்சர் வீட்டுக்கே போய்விட்டேன். டீச்சர் முழுசும் வாசித்துவிட்டு, மொதல்ல காப்பி குடிங்க, அப்புறம் சொல்லுதேன் என்றார். காப்பி கெடக்கட்டும், மொதல்ல சொல்லுங்க என்றேன்.

ஏலே, உன் அப்பா குடிகாரரா? பட்டாசு சீசன் முடிகிற அன்றைக்கு லோடு ஏற்றுகிறவர்கள் எல்லாம் குடிக்க ஒரு பக்கம் ஒதுங்கினால், கலர் சோடா பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிற மனுஷன் அவர். அவரை நடுரோட்டில் விழுந்து கிடக்க வைத்திருக்கிறாய். வீட்டில் கரண்ட் இல்லாமல் தெரு விளக்கில் படித்தாளாம். போன தடவை வந்தபோது டிவி ரிமோட்டுக்கு அவளோடு மல்லுக்கட்டினாயே, அது எந்தத் தெரு விளக்கில்? படிப்பை நிறுத்தித் தீப்பெட்டி ஒட்ட அனுப்பினோமாம். லீவு நாளில் நீங்கள் இரண்டு பேரும் வீட்டில் பெட்டி ஒட்டியது நிஜம். ஒட்டச் சொன்னது நான்தான், அதை எழுது, மறுக்க மாட்டேன், அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நாள், ஒரே ஒரு நாள் பள்ளிக்கூடத்தை நிறுத்தியிருப்பேனா? அப்புறம் அவள் தாண்டப் பார்த்த வரி. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிறந்த ஊர் ஆனைக்குட்டத்தில் எட்டாவது வரை படித்தவளடா நான். பட்டாசுக் கம்பெனி வேனில் என்னோடு வேலைக்கு வருகிற பெண்களுக்கு ரேஷன் கார்டு மனுவிலிருந்து வெளியூரில் இருக்கும் புருஷனுக்குக் கடிதம் வரைக்கும் எழுதிக் கொடுப்பது யார் என்று நினைத்தாய்?

அப்பாவிடம் சொன்னேன். அவன் எழுதினா காரணமாத்தான் இருக்கும், புள்ளைக்கு சீட்டு கெடைக்கும்னா என்னையக் குடிகாரன்னு சிவகாசியில போஸ்டர் அடிச்சுக்கூட ஒட்டட்டும் என்கிறார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போய் முட்டிக்கொள்ள. ஆனால் பாண்டிச்செல்வி என்ன கேட்டாள் தெரியுமா. யம்மா, நம்ம வீடு இம்புட்டுக் கேவலமா இருந்தாத்தான் எடுப்பாகளா, நல்லா இருந்தா எடுக்க மாட்டாகளா என்றாள். அவள் எழுதியதை டீச்சரிடம் வாசித்துச் சொல்லச் சொன்னேன். நம் தெருவில் இருக்கிற போர்மேன் பாலகுருவிடம் பச்சையாக எரிய எந்த மருந்து, சிவப்புக்கு எது, ஈரம் பட்டால் மருந்து ஏன் சூடாகிறது என்று சின்னப் பிள்ளையிலிருந்து கேட்டுக்கொண்டே திரிவாளே, அதைத்தான் எழுதியிருக்கிறாள். எனக்கு இம்புட்டுத்தான் தெரியும் தாயி, மிச்சத்த நீ படிச்சுட்டு வந்து எனக்குச் சொல்லு என்று அவர் சொன்னதில் முடித்திருக்கிறாள். இங்கிலீஷ்ல பதினாலு தப்பு இருக்கு, ஆனா இது அவ எழுதினது என்றார் டீச்சர். காலேஜில் நேரில் கூப்பிட்டு வைத்துக் குடைந்து குடைந்து கேட்பார்கள் என்று நீயே சொல்கிறாய். பொய் சொன்னால் காது சிவந்து போகிற பிள்ளை, நீ எழுதியதை நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வாள்? இதுகூட வேண்டாமா உனக்கு யோசனை.

நேற்று அரைநாள் லீவு போட்டு, சாத்தூர் போஸ்ட் ஆபீஸில் அவள் எழுதியதையே வைத்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டோம். பெற்றோர் கையெழுத்து என்று இருந்த இடத்தில் நா. மாடத்தி என்று முழுசாக எழுதினேன். நீ எழுதியதை வைத்திருந்தால், அம்மாவுக்கு எழுதத் தெரியாது என்று மேலே ஒரு தாள், கீழே அந்த அம்மாவின் கையெழுத்து, இவ்வளவு படித்தவனுக்கு இது தோன்றவில்லையே என்று அங்கேயே நின்று சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் ஞாபகம் வந்தது, உனக்குத் தோன்றாமல் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் உன் அப்ளிகேஷனுக்கு நான் பேனாவை எடுத்தபோது, வேண்டாம்மா, பெரிய காலேஜ்ல கைநாட்டுத்தான் கேக்காக என்று சொல்லி, என் பெருவிரலில் மையைத் தடவி நீயே பிடித்து அழுத்தினாய். நானும் பெரிய இடத்து வழக்கம் என்று நம்பி, அந்த மை போகிற வரைக்கும் வேனில் எல்லோரிடமும் விரலைக் காட்டிப் பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன்.

எனக்கு ரொம்ப வலிக்கிறது ஐயா. பட்டம் வாங்குகிற விழாவுக்கு எங்களைக் கூப்பிடாமல் ரயிலில் டிக்கெட் இல்லை என்றாயே, அதையும் இப்போது வேறு மாதிரி நினைக்க வேண்டியிருக்கிறது. கைநாட்டு வாங்கிய அன்றைக்கு உனக்குப் பதினேழு வயது, பயந்திருப்பாய். விஷயத்தைச் சொல்லிக் கேட்டிருந்தால் நானே விரலை நீட்டியிருப்பேனோ என்னவோ. நீ கேட்கவில்லை. அப்பாவிடமும் தங்கச்சியிடமும் இதைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அவளுக்குப் போன் போட்டு, நீ எழுதினதுதான் சரி என்று உன் வாயால் சொல். சீட்டுக் கிடைக்காவிட்டால் விருதுநகரில் கெமிஸ்ட்ரி படிக்கட்டும், ஒன்றும் குடி முழுகிவிடாது.

வயிற்றைக் காயப் போடாதே, வெள்ளிக்கிழமையாவது தலைக்கு எண்ணெய் வை. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இரு, எனக்குக் கோபம் இருக்கிறதே தவிர அதில் ஒரு குறையும் வைக்க மாட்டேன். எனக்குப் போன் செய்யாதே. கைநாட்டுக்கு என்ன பதில் இருக்கிறதோ அதைத் தமிழில், உன் கையால் எழுது. யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்ல மாட்டேன், நானே வாசித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
நா. மாடத்தி