பி.பி. மெஷின் சரியில்லை

மார்ச் 10, செவ்வாய்

ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று. ஆஸ்பத்திரிக் குழாயில் தண்ணீர் இல்லை. வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு வருகிறதாம்; சுவருக்கு வெள்ளை, ஜன்னலுக்குப் புதுத் திரை.

கர்ப்பிணிகள் நாள். முப்பத்தொரு பேர். ஒருத்திக்குக் காலெல்லாம் வீக்கம், மெஷினில் 118/76. மறுபடி பார்த்தேன். அதே 118/76. சந்தேகம். எல்லாரும் போனபின் என் கையில் மாட்டிப் பார்த்தேன். 112/70. எனக்குப் பல வருடமாக பி.பி. உண்டு. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மாத்திரை போடவில்லை. 112 எப்படி வரும்?

(மாத்திரை வாங்க வேண்டும்.)

மார்ச் 11, புதன்

வீட்டு மெஷினைக் கொண்டுபோனேன். அதில் எனக்கு 148/94. டாக்டரம்மா இரண்டையும் வைத்து ஐந்து பேருக்குப் பார்த்தார். நம் மெஷின் யாருக்கு வைத்தாலும் 110லிருந்து 118க்குள்ளேயே காட்டுகிறது.

"எவ்வளவு நாளா சிஸ்டர் இப்படி?"

தெரியவில்லை. பதிவேட்டைப் புரட்டினேன். பிப்ரவரி முழுக்க 110, 112, 116. ஒருத்திக்குக்கூட அதிகம் இல்லை. எல்லாம் என் கையெழுத்து. கண்ணில் படாமல் போனதே.

மெஷின் சரியில்லை என்று மாவட்ட சுகாதார ஆபீசுக்குக் கடிதம். மதியம் அங்கிருந்து போன்:

"மெஷின் லிஸ்ட்ல நல்ல நிலைன்னுதான் இருக்கும்மா. இன்ஜினியர் வந்து பழுதுன்னு எழுதுனாத்தான் புதுசு கெடைக்கும். ஆய்வு முடியட்டும். இப்பப் போயி பழுதுன்னா மார்க்குப் போயிரும்."

டாக்டர் மெஷினை பீரோவில் வைத்துப் பூட்டினார். மேலே ஒரு தாள்: பயன்படுத்தக் கூடாது.

மார்ச் 12, வியாழன்

ஏழு மாதம் தாண்டியவர்கள் பன்னிரண்டு பேர். காலையிலிருந்து போன் போட்டு வரவழைத்தேன். பதினோரு பேர் வந்தார்கள். வீட்டு மெஷினில் இரண்டு பேருக்கு அதிகம். கால் வீங்கியிருந்தவளைத் திண்டுக்கல்லுக்கு அனுப்பினோம், ஒருத்திக்கு மாத்திரை.

வராதது முத்துலட்சுமி. வயது 22, வேடசந்தூர் நூல் மில்லில் வேலை, முதல் பிள்ளை, எட்டாம் மாதம். போன் அணைந்திருக்கிறது. போன வாரம் தலைவலி என்று சொன்னாள். 116/74ஐப் பார்த்துவிட்டு, வெயில்தான், மோர் குடி என்றேன். நான்தான் சொன்னேன்.

மூன்று மணிக்கு ஸ்கூட்டியில் அவள் வீட்டுக்கு. பூட்டு. பக்கத்து வீட்டம்மா:

"ரெண்டு நாளா தலவலின்னு படுத்தே கெடந்தா தாயி. மூஞ்சியெல்லாம் ஊதிப்போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போடின்னேன். 'சிஸ்டரு நல்லாருக்குன்னுட்டாங்கக்கா, மறுக்கா எதுக்கு'ன்னுட்டா. காலைலதேன் அவ ஆத்தா வீட்டுக்கு, தாடிக்கொம்புக்குக் கூட்டிட்டுப் போனான் புருஷன்."

புருஷன் பெயர் கண்ணன். அந்தம்மாவிடமே நம்பர் வாங்கிப் பேசினேன்.

"நல்லாத்தான் இருக்கா சிஸ்டர். தூங்குறா."

"எழுப்புங்க."

அவளைக் கூப்பிடுவது கேட்டது. பிறகு, "எந்திரிக்க மாட்டேங்குறா சிஸ்டர்." பிறகு யாரோ ஒரு பெண் அலறினாள். கையும் காலும் வெட்டி இழுக்குது என்று கேட்டது.

108க்குச் சொன்னேன். வெயிலில் நின்றபடியே. வண்டிச் சாவியை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் தேடினேன். கையில்தான் இருந்தது.

மார்ச் 13, வெள்ளி

விடிந்ததும் செய்தி. ஆபரேஷன் செய்தும் பிள்ளை தங்கவில்லை. ஆண். முத்துலட்சுமிக்கு நினைவு இல்லை.

பத்து மணிக்கு ஆய்வுக் குழு. கேசரி, காபி. "பதிவேடெல்லாம் ரொம்பச் சுத்தம்" என்று பாராட்டினார்கள்.

கூட வந்த ஆபீஸ்காரர் என்னையும் டாக்டரையும் தனியாகக் கூப்பிட்டார். "தாய் பொழச்சுட்டா பெரிய விசாரணை வராது. நீங்க அந்த 116ஐ 150ன்னு திருத்தி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னோம், அவதான் போகலைன்னு எழுதிருங்க சிஸ்டர்."

டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாட்டேன் சார்."

"உங்க கையெழுத்துத்தான்மா இருக்கு அதுல. யோசிச்சுக்கங்க."

யோசித்தேன். பதிவேட்டைத் தொடவில்லை; நடந்ததை அப்படியே எழுதி ஆபீசுக்குக் கொடுத்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

பூசை முடிந்து நேரே திண்டுக்கல். முத்துலட்சுமி கண் விழித்துவிட்டாள். ஆனால் பார்வை மங்கல். குரலை வைத்துத்தான் என்னைக் கண்டுகொண்டாள்.

"புள்ளைய எங்கிட்டக் காட்டவே இல்ல சிஸ்டர்."

சொன்னேன். மெஷின் தப்பாகக் காட்டியது, உன் தலைவலியை நான் கேட்டிருக்க வேண்டும் என்று. அவள் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

வராண்டாவில் கண்ணனிடமும் சொன்னேன். "இதை வேற யார்ட்டயாச்சும் சொன்னீங்களா?"

"ஆபீசுக்கு எழுதிக் கொடுத்திருக்கேன்."

"எனக்கும் எழுதிக் குடுங்க."

பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பக்கம். பெயர், தேதி, கையெழுத்து. வேலை போகலாம். போகட்டும் என்று எழுதத் தைரியமில்லை.

மார்ச் 17, செவ்வாய்

மேகமூட்டம், புழுக்கம். மறுபடி கர்ப்பிணிகள் நாள். மேஜையில் புது மெஷின்! பீரோ காலி.

மருந்தாளுநர் சொன்னார்: "நேத்துச் சாயங்காலம் ஆபீஸ் வண்டி வந்துச்சு சிஸ்டர். புதுசக் குடுத்துட்டுப் பழசத் தூக்கிட்டுப் போனாங்க." அவரிடம் ரசீது இருந்தது. வேறொரு துணை சுகாதார நிலையத்துக்கு மாற்றம். நிலை: நன்று.

அங்கிருக்கும் நர்ஸுக்கு போன். சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்.

"வந்துருச்சுக்கா. காலைலருந்து பதினாலு பேருக்குப் பார்த்தாச்சு. எல்லாருக்கும் நார்மல்."

"அதை எடுத்து ஓரமா வை. யாரையும் வீட்டுக்கு அனுப்பாத. வாரேன்."

டாக்டர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "போங்க சிஸ்டர். இங்க நான் பார்த்துக்கறேன். ஆபீஸ்ல கேட்டா நான்தான் அனுப்பினேன்னு சொல்றேன்."

இப்போது அங்கிருந்து எழுதுகிறேன். ஒன்பது பேரை உட்கார வைத்திருந்தாள். வீட்டு மெஷினில் பார்த்தேன். ஒருத்திக்கு 160/104, வண்டிக்குச் சொல்லியாயிற்று. ஐந்து பேர் முன்பே போய்விட்டார்கள். நான்கு பேர் போனை எடுத்தார்கள், திரும்பி வருகிறார்கள்.

பஞ்சவர்ணம் எடுக்கவில்லை. ஒன்பதாம் மாதம். பூந்தோட்டத்துக்குள் வீடாம், வண்டி போகாதாம். நடக்க வேண்டும்.