ஆறு மார்க் வாங்கிய மனு

ஜூன் 3
இன்றும் ஒரு வக்கீல் அலுவலகம். நுழைந்ததுமே நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்து, "என்ன வழக்கும்மா, சொத்துத் தகராறா?" என்றார்கள். வழக்கு இல்லை, ஓய்வுபெற்ற பிறகு சட்டம் படித்தேன், ஜூனியராகச் சேர வந்திருக்கிறேன் என்றேன். வக்கீல் என் நரையையும் சான்றிதழையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்கம்மா வயசு உங்களுக்கு. உங்களை எப்படிங்க நான் வேலை வாங்குறது?"

எங்கே போனாலும் இதே பதில். அம்மாவை வேலை வாங்கியே பழக்கமில்லாத பிள்ளைகள் போலப் பேசுகிறார்கள்.

ஜூன் 4
இந்த மாதத்துக்குள் ஒரு சீனியரிடம் பயிற்சிக்குச் சேராவிட்டால் தகுதித் தேர்வை மறுபடி எழுத வேண்டும். "டீச்சருக்குப் பரீட்சைன்னா என்ன பயம்?" என்கிறார் வீட்டுக்காரர். பல் பிடுங்குகிறவரும் பிடுங்கிக்கொள்கிறவரும் ஒன்றா?

ஜூன் 9
சும்மா இருப்பானேன் என்று நீதிமன்ற வாசலில் உள்ள தட்டச்சுக் கடையில் சேர்ந்துவிட்டேன். அடித்த மனுக்களில் பிழை திருத்தும் வேலை. சிவப்புப் பேனா கைக்கு வந்ததும் பத்து வயது குறைந்துவிட்டது.

ஜூன் 12
பழக்க தோஷம். ஒரு மனுவைத் திருத்திவிட்டு, கடைசிப் பக்கத்தில் 6/10 போட்டு, "இன்னும் முயற்சி தேவை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கடைக்காரர் கவனிக்காமல் கொடுத்தனுப்பிவிட்டார். அதுவும் யாருக்கு? கோபத்துக்குப் பேர்போன ஓர் இளம் வக்கீலுக்கு.

"என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே, டீச்சர்" என்றார் கடைக்காரர். நாளைக்கு அந்த ஆள் நேரில் வருவாராம். வரட்டும் — என்ன, பெஞ்சு மேலயா ஏத்திடப் போறாரு?

ஜூன் 13
வந்தார். என் மகனைவிடச் சின்னவர். மனுவை மேசையில் வைத்தார்.

"நாலு மார்க் எதுக்குக் குறைச்சீங்க?"

எடுத்துச் சொன்னேன். மளிகைக் கடைக்குப் போய், வீட்டுக்கு விருந்தாளி வந்த கதையெல்லாம் சொல்லிவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்காமல் நின்றால் கடைக்காரர் எதைக் கட்டித் தருவார்? இந்த மனுவும் அப்படித்தான். வாடகைக்குக் குடியிருக்கும் உங்கள் கட்சிக்காரர் பட்ட பாடெல்லாம் இருக்கிறது. நீதிபதி என்ன உத்தரவு போட வேண்டும் என்பது மட்டும் இல்லை.

கடைசிப் பக்கத்தை மறுபடி படித்தார். நான் யாரிடம் பயிற்சி எடுக்கிறேன் என்று கேட்டார். யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை, எனக்கு வேலை சொல்லக் கூச்சப்படுகிறார்கள் என்றேன்.

"எனக்குக் கூச்சமெல்லாம் கிடையாதுங்க. திங்கக்கிழமை காலைல வந்துடுங்க. லேட்டானா திட்டுவேன்."

ஜூன் 15
புதுச் செருப்பு கடிக்கிறது. முதல் நாளே லீவு லெட்டர் எழுதாதே என்கிறார் வீட்டுக்காரர்.

ஜூன் 16
சீக்கிரமே போய்விட்டேன். அப்படியும் திட்டு விழுந்தது, கோப்புகளைத் தேதி மாற்றி அடுக்கியதற்கு. நியாயமான திட்டுதான்.

நீதிமன்றத்துக்குக் கிளம்பும்போது வழக்குக் கட்டுகளை நான் எடுத்துக்கொண்டேன். படிக்கட்டு வந்ததும் சீனியரின் கை தானாக நீண்டது. "குடுங்கம்மா, நான்..."

கொடுக்கவில்லை. "நீங்க முன்னால போங்க, சார். ஜூனியர் பின்னாலதான் வரணும்."

போனார். படிகளில் மட்டும் கொஞ்சம் மெதுவாக.